மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் மாயக்கதைப் புத்தகமும்

 பதிவு கொஞ்சம் நீளம். சமையல், ஆபீஸ் எல்லாம் முடிச்சு சாவகாசமா உட்காரும்போது படியுங்க. நான் சரித்திரம் நடத்தினவள். எதைச் சொன்னாலும் வருசத்தில் ஆரம்பிச்சால்தான் எனக்குச் சரிப்படும்.

1920ஆம் ஆண்டு. தென்காசிப் பக்கம் கடையம் கிராமம். பத்து வருடப் புதுச்சேரி வாழ்க்கையை முடித்துக்கொண்டு, வழியில் கடலூரில் கைதாகி விடுதலையான பாரதியார், மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் இருக்கிறார். வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் கட்டுக்கட்டாகக் கைப்பிரதிகள் இருக்கின்றன. அப்போது நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புகிறார். அது கவிதையல்ல, முழுக்க முழுக்கக் கணக்கு.

தான் எழுதிச் சேர்த்ததை எல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்திருக்கிறார். ஒவ்வொன்றும் முதல் பதிப்பில் 10,000 பிரதி. விலை அரை ரூபாய். ஆரம்பச் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். கடன் கொடுப்பவர்களுக்கு முத்திரைத் தாளில் பத்திரம் எழுதித் தருவார். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. ஒன்றிரண்டு வருடத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய் நிகர லாபம் வரும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல இந்தப் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு போய்ச் சேரும் என்று நம்பினார்.

பணம் வரவில்லை. அந்த வருடக் கடைசியில் அவர் சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரனில் மறுபடியும் உத்தியோகத்தில் சேர்ந்தார். 40 புத்தகத் திட்டம் கடையத்தோடு நின்றுபோனது.

இதை இப்போ எதுக்கு எழுதறேன்னு கேப்பீங்க. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இன்று நடுவயதுக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஒரு மாயக்கதை நாவல் எழுதி முடித்திருக்கிறாள். நொய்யலும் வெள்ளியங்கிரியும் வருகிற கதை. மலைக்குள் ஒரு நாடு, பேசும் காளை, மூன்று தலைமுறைச் சாபம். படித்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. "பணம் கட்டினால் அச்சிட்டுத் தருகிறோம், உலகம் முழுக்க விற்றுத் தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் அவளிடம் பெருந்தொகை கேட்கிறது. அவள் நகையை அடகு வைக்கலாமா என்று என்னைக் கேட்கிறாள். சொந்தத்தில் இருப்பவர்களோ, "வேலையத்த வேலை, பேய்க்கதையெல்லாம் யாரு படிப்பாங்க" என்கிறார்கள். அவளுக்கு மட்டும் பதில் எழுதலாம்தான். ஆனால் இதே நினைப்பில் இன்னும் பத்துப் பேராவது இருப்பீர்கள் என்று தோன்றுவதால் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

முதலில், "யாரு படிப்பாங்க" என்ற கேள்வி. தமிழில் மாயக்கதைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் என்னவாம்? கூடுவிட்டுக் கூடு பாய்வது, முருங்கை மரத்து வேதாளம், பேசும் பதுமை என்று எல்லாம் அதில் உண்டு. அச்சு வந்த பிறகு அதிகம் விற்றவற்றில் இந்தக் கதைகளுக்கும் அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை மாதிரியானவற்றுக்கும் பெரிய இடம் உண்டு. சென்னையில் குஜிலிக் கடை என்று மாலைச் சந்தை ஒன்று இருந்தது. அங்கே விற்ற மலிவுப் புத்தகங்களைத்தான் இன்று ஆராய்ச்சியாளர்கள் 'குஜிலி இலக்கியம்' என்கிறார்கள். பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் 'பெரிய எழுத்து' என்று தலைப்பிலேயே போட்டு விற்றார்கள். புதிதாகப் படிக்கக் கற்றவர்களும் கண் மங்கிய பெரியவர்களும் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவை விற்ற விதம். குஜிலிப் பாட்டுப் புத்தகம் விற்றவர் சும்மா கடை விரித்து உட்காரவில்லை. கூட்டம் கூடும் இடத்தில் நின்று பாடிக் காட்டினார். பாட்டைக் கேட்டு நின்றவர்களில் நாலு பேர் காலணாவோ அரையணாவோ கொடுத்துப் புத்தகத்தை வாங்கிப் போனார்கள். வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, திண்ணையில் பத்துப் பேர் கேட்டார்கள். காது முதலில் வந்தது. காகிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. என்னுடைய பதிவின் சாரமே இதுதான். மற்றதெல்லாம் இதற்கு உதாரணங்கள்.

நம்ம கொங்கு நாட்டு உதாரணத்தையே எடுங்க. பொன்னர் சங்கர் என்கிற அண்ணன்மார் கதை. அதைவிடப் பெரிய மாயக்கதை எங்கே இருக்கிறது? கொம்பன் என்ற காட்டுப்பன்றி, தவம் கிடந்து பிள்ளை வரம் வாங்கும் தாமரை, வேடம் மாறி வரும் மாயவர், இறந்த அண்ணன்மாரை எழுப்பும் தங்கை அருக்காணி. உடுக்கடித்துப் பாடுபவர் இரவிரவாகப் பாடுவார். ஊரே சாக்கு விரித்து உட்கார்ந்து கேட்கும். பாடுபவருக்கு நெல்லும் துணியும் பணமும் ஊர்ப் பொதுவில் இருந்து வரும். அதாவது கதை தொடங்கும் முன்பே கேட்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், செலவையும் ஏற்றிருந்தார்கள்.

இந்தக் கதை அச்சுக்கு வந்தது ரொம்பத் தாமதமாகத்தான். 1965இல் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, பாடகர்கள் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1971இல் கவிஞர் சக்திக்கனல் அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்தார். பெக் பதிவு செய்த வடிவம் 1992இல் சென்னையில் தமிழும் ஆங்கிலமுமாக நூலானது. கலைஞர் இதையே நாவலாக எழுதினார், 2011இல் அது சினிமாவாகவும் வந்தது. அந்த அம்மா அதோடு நிற்கவில்லை. தானே முன்னின்று இக்கதையை 26 பகுதி அனிமேஷன் தொடராக எடுத்தார். நம் தாத்தா பாட்டி உடுக்கையோசையில் கேட்ட கதை, கனடாவில் வளரும் பேரன் பேத்திகளுக்கும் திரையில் போய்ச் சேர்ந்தது. எத்தனை வருட உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

மறுபடியும் பாரதியாருக்கு வருவோம். அவரும் மாயக்கதை எழுதியவர்தான் என்பது உங்களில் பலருக்கு மறந்திருக்கும். 'ஞானரதம்' என்று ஒன்று. திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் படுத்திருப்பவர் ஞானம் என்னும் தேரில் ஏறிக் கவலையில்லாத உலகத்துக்கும் கந்தர்வ லோகத்துக்கும் சத்திய லோகத்துக்கும் போய் வருகிற கதை. உரைநடையில் தமிழில் வந்த கனவுலகப் பயணங்களில் முன்னோடி. 1910இல் புத்தகமாக வந்தது.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் தெரியுமா? அவர் நடத்திய 'இந்தியா' வாரப் பத்திரிகை 1910 மார்ச்சில் நின்றுபோனது. அதே வருடம் வெள்ளைக்காரர்கள் கடுமையான அச்சுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டு நூல்களையும் சென்னை அரசாங்கம் தடை செய்தது. அவர் இருந்தது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரியில். படிக்கிறவர்கள் இருந்தது பிரிட்டிஷ் எல்லைக்குள். நடுவில் போலீஸ், ஒற்றர், தபாலில் கெடுபிடி. எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் நடுவில் இருந்த பாலம் அறுந்துவிட்டது. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வந்தது. இரண்டாம் பாகம் அச்சானது 1924இல், அவர் காலமாகி மூன்று வருடம் கழித்து.

இப்போது அவருடைய 1920 கணக்கை, பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, வரி வரியாகப் பார்ப்போம். பெருக்கலில் பிழையே இல்லை. 40 × 10,000 = 4 லட்சம் பிரதி. அரை ரூபாய் வீதம் 2 லட்சம் ரூபாய். செலவும் வட்டியும் போக ஒன்றரை லட்சம் மிஞ்சும் என்றால் சரிதான். ஆனால் இன்னொரு பக்கம் திருப்பிப் பாருங்கள். 20,000 ரூபாய்க்கு மாதம் இரண்டு வட்டி என்றால் மாதம் 400 ரூபாய், வருடம் 4,800. வட்டி கட்ட மட்டுமே வருடத்துக்கு 9,600 பிரதி விற்றாக வேண்டும். அசல் அப்படியே நிற்கும். அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுதான். அவர்களில் பலருக்கு அரை ரூபாய் பெரிய காசு.

மண்ணெண்ணெய் ஏன் ஊர் ஊராகப் போனது? ஒவ்வொரு ஊரிலும் மளிகைக் கடை இருந்தது. கடைக்கு டின் கொண்டுபோக வண்டி இருந்தது. வாங்கியது தீர்ந்தால் மறுபடி வாங்கியே ஆக வேண்டிய தேவை இருந்தது. புத்தகத்துக்கு இந்த மூன்றும் இல்லை. பாரதியாரின் எழுத்தில் குறையில்லை, விலையிலும் குறையில்லை. தூக்கிக்கொண்டு போகிற கை இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு முன்பு அவருடைய பாட்டு பெரிய அளவில் அச்சானது ஒரு தடவை உண்டு. 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய தேசப் பாடல்கள் சிலவற்றை 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். ஒரு பணக்கார ஆதரவாளர் மனது வைத்ததால் நடந்தது அது. கடையத்தில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. புலவருக்குப் புரவலர் என்ற பழைய வழி முடிந்துகொண்டிருந்தது. வாசகரே வாங்கி வாழவைக்கும் புது வழி இன்னும் திறக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார் அந்த மகான்.

புது வழியைத் திறந்தவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு. பெண்பிள்ளைகளே, இவரைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதவைத்தார். 1925இல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையைத் தானே ஏற்று நடத்தத் தொடங்கினார். தன் நாவல்களை அதில் மாதாமாதம் தொடராக எழுதினார். எழுதியவை நூற்றுக்கும் மேல். அவருடையவை மாயக்கதைகள் அல்ல, குடும்பக் கதைகள். ஆனால் வழியைப் பாருங்கள். சந்தா முன்பணமாக வந்தது. தொடர் அடுத்த மாதத்துக்கு ஆசை காட்டியது. படித்தவர் யார், எந்த ஊர் என்று முகவரியோடு கையில் இருந்தது. அச்சுக்கூலியை அடகு வைத்துத் தேட வேண்டிய நிலை இல்லை. பாரதியாரின் சுற்றறிக்கைக்கு ஐந்தே வருடம் கழித்து, அதே சென்னையில், அதிகம் படிக்காத ஓர் இளம்பெண் செய்து காட்டியது இது.

பாரதியாரும் கடைசியில் சரியான வாசலுக்கு வந்து சேர்ந்தார். அந்த வாசல் நம்ம ஈரோட்டில் இருந்தது. 1921 ஜூலை 31. ஈரோடு கருங்கல்பாளையத்தில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழா. வக்கீல் தங்கப்பெருமாள் பிள்ளை அழைக்க, சென்னையில் இருந்து ரயிலேறி வந்தார். 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசினார். மறுநாள், ஆகஸ்ட் 1, வாய்க்கால் கரையில் 'இந்தியாவின் எதிர்கால நிலை' பற்றிப் பேசினார். திரும்பிப் போய் அந்த யாத்திரையைப் பற்றிச் சுதேசமித்திரனில் எழுதவும் செய்தார்.

ஒரு சின்ன ஊர் வாசகசாலை. சொந்தக் காசு போட்டுப் பத்திரிகை வாங்கி, கூடிப் படித்து, எழுதுகிறவரை நேரில் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிற ஜனங்கள். 4 லட்சம் பிரதிக்கு இல்லாத கை இங்கே இருந்தது. இப்படி நூறு கருங்கல்பாளையம் இருந்து, அவர் ஒவ்வொன்றாகப் போய் வந்திருந்தால் கதையே வேறு. ஆனால் அந்த மனிதருக்கு மிச்சமிருந்தது ஆறே வாரம். செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி அவர் போய்விட்டார். வயது 38.

அதன் பிறகு செல்லம்மா 'பாரதி ஆச்ரமம்' என்று தொடங்கிப் பாட்டுப் புத்தகங்கள் வெளியிட்டார். அடுத்து அவருடைய தம்பி விசுவநாதன், மருமகன் நடராஜன், நண்பர் ஹரிஹர சர்மா மூவரும் 'பாரதி பிரசுராலயம்' நடத்தினார்கள். 1928இல் போலீஸ் சுதேச கீதங்களைப் பறிமுதல் செய்தபோது சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து பேசினார். தடையே விளம்பரமாகிப்போனது. மேடைப் பாடகர்கள் பாடினார்கள், 1947இல் 'நாம் இருவர்' படத்தில் ஒலித்தது. 1949இல் அரசாங்கம் அவருடைய எழுத்துகளின் உரிமையை எடுத்துக்கொண்டது, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. மண்ணெண்ணெய் மாதிரி வீட்டுக்கு வீடு போகும் என்று அவர் சொன்னது நடந்தே விட்டது. ஆனால் பாட்டாகக் காதில் விழுந்த பிறகுதான் புத்தகமாக வீட்டுக்குள் வந்தது.

அவர் சொன்ன இன்னொரு பொருள் தீப்பெட்டி. சரித்திரம் சில சமயம் நம்மைச் சீண்டிப் பார்க்கும். 1922இல் சிவகாசியில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படிச் சிவகாசி அச்சுக்கும் பேர்போன ஊரானது. அதே சிவகாசியில் 1972இல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவியோடு வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிற ஆள்! வகுப்பில் சரித்திரப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து என்னிடம் மாட்டிய பயல்கள் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், தெரியும் எனக்கு. தீப்பெட்டி ஊரில் இருந்துதான் மாயக்கதை பெட்டிக்கடை வரைக்கும் தொங்கியது.

அவருடைய மகன் எஸ். விஜயன் 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கினார். பள்ளிப்படிப்பு முடித்த வயசுதான். வெளிநாட்டுக் கதைகளை உரிமை வாங்கித் தமிழில் போடுகிற வேலை. டிவி வந்தது, பெட்டிக்கடைகளில் விற்பனை படுத்தது, நடுவில் பல வருடம் தட்டுத் தடுமாறியது. எழுந்து நின்றது எதனால்? சந்தாதாரர்களால். 'ஹாட்லைன்' என்ற பகுதியில் அவர் வாசகர்களோடு நேருக்கு நேர் பேசினார். எந்தக் கதை போடலாம், விலை ஏன் ஏறியது என்று ஒளிக்காமல் சொன்னார். முன்பணம் கட்டியவர்களை நம்பி அளவாக அச்சிட்டார். இப்போது வருடா வருடம் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் அந்த வாசகர்கள் ஊர் ஊராகக் கிளம்பி வந்து கூடுகிறார்கள். தலை நரைத்தவர்கள், பேரப்பிள்ளையோடு வருபவர்கள். பாரதியார் பேசிய அதே ஊர், அதே ஆகஸ்ட். மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் இருந்து நடத்துகிற அந்தத் திருவிழாவைக் கருங்கல்பாளையம் வாசகசாலையின் பேத்தி என்று சொன்னால் தப்பில்லை.

வெளியூர்க் கதைகளும் இரண்டு சொல்கிறேன். அமெரிக்காவில் மாண்டனா மாநிலத்தில் கிறிஸ்டோபர் பாவ்லினி என்ற பையன். 15 வயதில் டிராகனும் சிறுவனுமாக 'எராகன்' என்று எழுத ஆரம்பித்தான். 2002இல் அப்பா அம்மாவே அச்சிட்டார்கள். அதோடு வீட்டில் உட்காரவில்லை. பழங்காலத்து உடுப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம், நூலகம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் போய்க் கதை சொன்னான். அந்தப் பக்கம் விடுமுறைக்கு வந்த ஓர் எழுத்தாளரின் வீட்டுப் பையன் ஒரு பிரதி வாங்கிப் படித்துச் சொக்கிப்போக, அந்த எழுத்தாளர் தன் பதிப்பகத்துக்குச் சொன்னார். 2003இல் பெரிய பதிப்பகம் வெளியிட்டு உலகம் முழுக்கப் போனது. அந்தப் பழங்கால உடுப்புக்கும் நம்ம உடுக்கைக்கும் என்ன பெரிய வித்தியாசம், சொல்லுங்க?

நம் நாட்டில் அமிஷ் திரிபாதி. மும்பையில் நிதித் துறை உத்தியோகம். சிவபெருமானை மனிதனாக வைத்து எழுதிய 'மெலூஹாவின் அமரர்க'ளைப் பதிப்பகங்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. 2010இல் அவருடைய முகவரே வெளியிட, விளம்பரத்துக்கான செலவை அமிஷ் பார்த்துக்கொண்டார். அவர் செய்த முக்கியமான காரியம், முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அச்சிட்டுப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தது. குஜிலிக் கடைக்காரர் பாடிக் காட்டிய அதே வித்தைதான். பல லட்சம் பிரதி போனது, தமிழிலும் வந்தது.

ஆக, நூறு வருடத்துக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் விடை ஒன்றுதான். மாயக்கதை எழுதித் தானே வெளியிட்டு நின்றவர்கள் எல்லாரும் அச்சகத்துக்குப் போகும் முன்பே, அல்லது போன கையோடு, கேட்கிற காதைத் தேடிப் போனவர்கள். முழு விற்பனையையும் எதிர்பார்த்து வட்டிக்கு வாங்கி அச்சிடுவது பாரதியாருக்கே கைகொடுக்கவில்லை என்றால் நமக்கு எம்மாத்திரம்?

அந்தப் பெண்ணுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

நகையை அடகு வைக்காதே, கண்ணு. "உலகம் முழுக்க விற்றுத் தருகிறோம்" என்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "எங்க ஊர்ல எந்தக் கடையில, எத்தனை பிரதி வைப்பீங்க, விக்காததுக்கு என்ன கணக்கு?" எழுத்தில் பதில் வராவிட்டால் வாசல் வரைக்கும் வழியனுப்பிவிட்டு வந்து உன் வேலையைப் பார்.

முதலில் கதையைச் சொல். பாரதியாருக்கு இல்லாத வசதி உனக்கு இருக்கிறது. 2016 கடைசியில் இருந்து கிண்டிலில் தமிழ்ப் புத்தகத்தை நாமே ஏற்றலாம், அச்சுச் செலவு கிடையாது. பிரதிலிபி மாதிரி இடத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதலாம். கோதைநாயகி அம்மாளின் தொடர்கதை வழிதான் அது. எங்கே வாசகர் நிறுத்திவிட்டுப் போகிறார், எங்கே அடுத்தது எப்போது என்று கேட்கிறார் என்று பார். அதைவிட நல்ல ஆசிரியர் உனக்குக் கிடைக்க மாட்டார்.

அடுத்தது, ஊர் நூலகத்துக்குப் போ. கிளை நூலகரிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குக் கதை சொல். நீ படித்த பள்ளிக்கூடத்துக்குப் போ. பேசும் காளையை நடித்துக் காட்டு. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு டிராகன் தெரியும், கொம்பனைத் தெரியாது. அதைச் சொல்ல ஆள் வேண்டும்.

பிறகு முன்பதிவு வாங்கு. பேர், முகவரி, பணம் மூன்றும் கைக்கு வந்த பிறகு அந்த எண்ணிக்கைக்கு மேல் கொஞ்சம் மட்டும் அச்சிடு. இன்று நூறு பிரதிகூடக் குறைந்த அளவில் அச்சிட்டுத் தருகிறார்கள். 1,000 பிரதி அச்சிட்டால் ஒரு பிரதிக்கு அடக்கம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். கட்டிலுக்கடியில் கறையான் தின்கிற 800 பிரதியின் அடக்கம் என்ன என்று அவர்களிடமே கேள். ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்திய அரசு இலவசமாகத் தருகிறது, அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதே. நீயே பதிப்பாளர் என்றால் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பவேண்டியது 1954ஆம் வருடச் சட்டப்படி உன் கடமை. இதை விட்டுவிடாதே. உன் பேத்தி ஒரு நாள் போய்த் தேடினால் அங்கே இருக்கும்.

கடைசியாக, நம்ம சொந்தபந்தங்களுக்கு ஒரு வார்த்தை. கோவிச்சுக்காதீங்க. நம்ம வீட்டுப் பிள்ளை புத்தகம் போட்டால் நாம் முதலில் கேட்பது, "எனக்கொரு காப்பி எடுத்து வையி கண்ணு" என்பதுதான். மொய் எழுதும்போது யாராவது ஓசியில் எழுதுகிறோமா? காது குத்துக்கும் சீருக்கும் ஆயிரம் ஆயிரமாய் வைக்கிற நாம், புத்தகத்துக்கு இருநூறு ரூபாய் கொடுக்க யோசிக்கிறோம். அடுத்த விசேஷத்துக்குத் தாம்பூலப் பையில் ஒரு புத்தகம் போட்டுக் கொடுங்கள். வாங்கியவர் படித்துவிட்டு எழுதினவளுக்குப் போன் போட்டு நாலு வார்த்தை சொல்லட்டும். கருங்கல்பாளையத்து ஜனங்கள் 1921இல் செய்தது இவ்வளவுதான்: எழுதினவரைக் கூப்பிட்டார்கள், உட்காரவைத்துக் கேட்டார்கள். அந்த வேலை நம்மால் ஆகாதா?

ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் கருங்கல்பாளையம் நூலகத்தைப் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அந்த ஊரில் யாராவது மாயக்கதை எழுதிக்கொண்டிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். நான் முன்பதிவுக்குத் தயார், பணம் கொடுத்துத்தான்.

எல்லாரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்